“எல்லாரும் போயிட்டாங்க, நாம மட்டும்தான் போகல்ல!” – ரிவர்ஸ்டன் கூட்டமும் வியாபாரியின் கணக்கும்

சனி, ஞாயிறு தினங்களிலும் போயா விடுமுறைகளிலும் காலை வேளையில் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக மலையேறும் பாதையில் நின்று பார்த்தால் வாடகை வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றில் இருப்போரில் பெரும்பாலானவர்கள் இளைஞர், யுவதிகள். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்கள், முதல் சம்பளம் எடுத்தவர்கள், கடைகளில் விற்பனையாளர்களாக வேலை செய்பவர்கள். எல்லோரும் போகும் இடம் ரிவர்ஸ்டன்.

முன்னர் ரிவர்ஸ்டன் என்றால் மாத்தளை வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது ஏலக்காயும், இலுக்கும்புர பக்கம் போகும் பஸ்ஸும், மலையுச்சியில் நிற்கும் கோபுரமும்தான். மாத்தளை நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு கணவாய். காற்று பலமாக அடிக்கும், பனிமூட்டம் இறங்கும், மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். வேலை இல்லாமல் அங்கே யாரும் போகமாட்டார்கள். இன்று அதே மலைக்குக் காலி, மட்டக்களப்பு, புத்தளம் என்று நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மலை மாறவில்லை. பாதை ஓரளவு திருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். மாறியது கையிலுள்ள தொலைபேசி.

இந்தக் கூட்டத்தை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது எது, அதனால் நமது வியாபாரத்துக்கு என்ன நன்மை, எங்கே ஆபத்து என்பதை இவ்வாரம் விளங்கிக்கொள்ள முயல்வோம். ரத்தோட்டைப் பாதையில் தேநீர்க் கடை வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, காத்தான்குடியில் புடவைக் கடை நடத்துபவருக்கும் அக்குறணையில் இரும்புக் கடை வைத்திருப்பவருக்கும் இதில் கணக்குப் பார்க்க வேண்டிய விடயம் இருக்கிறது.

பனி விலகிய பத்து நிமிடங்கள்

ரிவர்ஸ்டனில் எடுக்கப்பட்டுச் சமூக வலைத்தளங்களில் போடப்படும் படங்களைப் பாருங்கள். நீல வானம், பச்சைப் புல், கைகளை விரித்து நிற்கும் ஓர் இளைஞன், அவனுக்குப் பின்னால் மேகம். பிட்டவல பத்தன புல்வெளியின் விளிம்பில், ‘சிறிய உலக முடிவு’ என்று சொல்லப்படும் இடத்தில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் நண்பர்கள். ட்ரோன் கமராவால் மேலிருந்து எடுத்த வளைந்து வளைந்து போகும் பாதை.

ஆனால் அந்த மலையை அறிந்தவர்களுக்கு உண்மை தெரியும். மழைக்காலத்தில் பல நாட்கள் அங்கே முன்னால் நிற்பவரின் முகமே தெரியாது. மூன்று மணித்தியாலம் வேனுக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, பனி விலகும் பத்து நிமிடத்தில் ஓடிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சில குழுக்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடைப்பதில்லை. வலைத்தளத்தில் ஏறுவது அந்தப் பத்து நிமிடம் மாத்திரமே. வேனில் வாந்தி எடுத்தது, செலவைப் பங்குபோடும்போது வந்த சண்டை, நனைந்த உடுப்போடு இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தது இவையெல்லாம் ஏறுவதில்லை.

வீட்டிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு இது தெரியாது. அவனுடைய தொலைபேசியில் ஒரே வாரத்தில் நாலு நண்பர்களின் படம் வருகிறது. நாலும் பனி விலகிய படங்கள். ஒரு நாள் முழுவதும் அங்கே அப்படித்தான் இருக்கும் என்றும், உலகத்திலுள்ள எல்லோரும் அங்கே போய்விட்டார்கள் என்றும் அவனுக்குத் தோன்றுகிறது. “வாப்பா, என்ட கூட்டாளிமார் எல்லாரும் போயிட்டாங்க” என்று வந்து நிற்கிறான். எண்ணிப் பார்த்தால் போனவர்கள் நாலு பேர்தான். வகுப்பில் முப்பத்தைந்து பேர். போகாத முப்பத்தொரு பேரும் “நான் இன்றைக்கு வீட்டில் சும்மா இருந்தேன்” என்று படம் போடவில்லை. ஆகவே அவர்கள் கணக்கில் வரவில்லை.

இந்த மனநிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ‘தவறிவிடுமோ என்ற பயம்’ என்று பொருள்படும் நாலு சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஃபோமோ’ என்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் வர்த்தகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெட்ரிக் மெக்கின்னிஸ் என்ற மாணவர் 2004ஆம் ஆண்டில் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதிய ஒரு வேடிக்கைக் கட்டுரையின் மூலம் இச்சொல் பரவியது. எதையும் தவறவிடாமல் எல்லாவற்றுக்கும் போகத் துடிக்கும் தன் சக மாணவர்களைப் பற்றியதே அக்கட்டுரை. வர்த்தகக் கல்லூரியில் பிறந்த சொல் என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டில் அன்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் இந்தப் பயத்தை அளப்பதற்குப் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். வயது குறைந்தவர்களிடம் இப்பயம் கூடுதலாக இருப்பதையும், தன் வாழ்க்கையில் திருப்தி குறைந்தவர்களே இதற்கு அதிகம் ஆளாவதையும், அப்படிப்பட்டவர்களே சமூக வலைத்தளங்களில் கூடுதலாக ஈடுபடுவதையும் அவர்கள் கண்டார்கள். வாகனம் ஓட்டும்போதும் தொலைபேசியைப் பார்க்கும் பழக்கம் இவர்களிடம் அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கடைசி விடயத்தை இன்னொரு தடவை வாசித்துக்கொள்வது நல்லது.

இதற்கு அடிப்படையாக இருக்கும் மனித சுபாவம் வியாபாரிகளுக்குப் புதியதல்ல. ஆயிரம் ரூபா கிடைத்த சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபா தொலைந்த கவலை பெரியது. 1979ஆம் ஆண்டில் டானியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் இதனை ஆய்வின் மூலம் நிறுவினார்கள். இழப்பின் பாரம் ஆதாயத்தின் இன்பத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது பின்னர் செய்யப்பட்ட மதிப்பீடு. ரிவர்ஸ்டனுக்குப் போகாத பிள்ளை உண்மையில் எதையும் இழக்கவில்லை. அவனுடைய காசு சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆனால் நாலு படங்களைப் பார்த்தபின் ‘எனக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போய்விட்டது’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கிடைக்காததை இழப்பாகக் காட்டுவதுதான் இதிலுள்ள சூட்சுமம். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மீதியெல்லாம் விளங்கும்.

இது தானாக நடப்பது என்று நினைத்துவிடக் கூடாது. 2009இல் பேஸ்புக் ‘லைக்’ பொத்தானைக் கொண்டுவந்தது. எத்தனை பேர் விரும்பினார்கள் என்பது அதன்பின் எண்ணிக்கையாகத் தெரிந்தது. 2016 ஓகஸ்ட் மாதம் இன்ஸ்டகிராம் ‘ஸ்டோரிஸ்’ என்ற வசதியை ஆரம்பித்தது. ஸ்னப்செட் அதற்கு முன்பே செய்ததுதான். அதில் போடும் படம் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். நம்மில் ஒருவர் கடையில் ‘இன்று மட்டும்’ என்று பலகை போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்றைக்குப் பார்க்காவிட்டால் நாளைக்கு இராது என்பதால் பிள்ளை ஒரு மணித்தியாலத்துக்கு நாலு தடவை எடுத்துப் பார்க்கிறான். அவன் எவ்வளவு நேரம் பார்க்கிறானோ அவ்வளவுக்கு விளம்பரம் காட்டலாம். அந்த நிறுவனங்கள் செய்வதும் வியாபாரமே. நமது பிள்ளையின் பதற்றம் அவர்களுடைய சரக்கு.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சற்று வேறு. நமது வீடுகளில் மகன் எப்படியோ அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடுவான். மகள் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பென்றால் மற்றவர்கள் போனதே அவளுக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவரும். இப்போது வேன் புறப்பட்டதிலிருந்து திரும்பி வரும் வரை நிமிடத்துக்கு நிமிடம் தெரிகிறது. அனுமதிப்பதா இல்லையா என்பது அவரவர் குடும்பத்தின் முடிவு. ஆனால் அவள் முகம் வாடியிருப்பதற்குக் காரணம் அற்பமானது என்று தட்டிக்கழிக்காமல் இருப்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

படம் கொண்டுவந்த கூட்டம்

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். ஒரு காணொளி பரவினால் அடுத்த சனிக்கிழமை பாதையோரக் கடையில் ரொட்டி தீர்ந்துவிடும். வேன் சாரதிக்கு ஓட்டம் கிடைக்கும். கூடாரம் வாடகைக்குக் கொடுப்பவர், விடுதி நடத்துபவர், மாத்தளை நகரில் சப்பாத்தும் மழைக்கவசமும் விற்பவர் எல்லோருக்கும் பங்கு வரும். இது ஹலாலான சம்பாத்தியம், நல்ல விடயம். இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கணக்குத்தான் பிழைக்கக் கூடாது. ஓர் உதாரணம் எடுப்போம். பாதையோரத் தேநீர்க் கடையொன்றில் கூட்டமுள்ள நாளில் 200 கோப்பை தேநீர் போகிறது, மற்ற நாட்களில் 30 கோப்பைதான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் கூட்டமுள்ள நாட்கள் ஒன்பது. அப்படியானால் 1,800 கோப்பை. மீதி 21 நாட்களில் 630. மொத்தம் 2,430. நாளொன்றுக்குச் சராசரி 81 கோப்பை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கண்டு மயங்கி, 200 கோப்பைக்கு ஏற்ற மாதிரி கடையைப் பெருப்பித்து, இரண்டு ஆட்களை மாதச் சம்பளத்துக்கு வைத்து, வங்கியில் கடனும் எடுத்தவர் ஒவ்வொரு நாளும் 200 கோப்பைக்கான செலவைச் சுமக்கிறார். வருமானமோ 81 கோப்பைக்கு. வங்கிக்காரர் தவணையைச் சனி, ஞாயிறு கணக்குப் பார்த்து அறவிடுவதில்லை.

அந்த ஒன்பது நாட்களும் நிச்சயமானவையல்ல. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்கள், 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை என்று ஒன்று மாறி ஒன்று வந்தது நமக்குத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அடித்தபோது மாத்தளை, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் மண்சரிவுகள் ஏற்பட்டன. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வீதி அடைபட்டால் கூட்டம் இல்லை. இவற்றைவிட அமைதியான ஆபத்து ஒன்றும் உண்டு. ஒரு படம் கொண்டுவந்த கூட்டத்தை இன்னொரு படம் கூட்டிக்கொண்டு போய்விடும். எல்லையில் ஒன்பது வளைவுப் பாலம் சில வருடங்களில் என்ன கூட்டத்தைக் கண்டது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் வந்தது பாலத்தைத் தேடியல்ல, எல்லோரும் எடுக்கும் படத்தை எடுப்பதற்கு. எல்லோரும் எடுத்து முடிந்தபின் அந்தப் படத்துக்கு மவுசு குறையும். அப்போது வேறோர் இடத்தின் பெயர் வரும்.

ஆகவே இந்தப் பாதையில் முதல் போட நினைப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வி “இந்த ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள்” என்பதல்ல, “செவ்வாய்க்கிழமை என்னிடம் யார் வாங்குவார்கள்” என்பதுதான். ரத்தோட்டையிலும் இலுக்கும்புரவிலும் ஊர் மக்களுக்குப் பலசரக்கு விற்றுக்கொண்டு, வார இறுதியில் பயணிகளுக்குத் தேநீரும் கொடுக்கும் கடைக்காரர் தப்பித்துக்கொள்வார். மிளகு, கறுவா, ஏலக்காய் என்று மாத்தளைக்கே உரிய சரக்கைச் சிறு பொதிகளாகக் கட்டி வைத்திருப்பவருக்குப் பயணி வராத நாளிலும் சரக்கு பழுதாகாது. கூட்டத்தை மட்டும் நம்பிக் கட்டடம் கட்டியவர்தான் மாட்டிக்கொள்வார்.

கூடாரம் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ அதனை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காட்டுக்குள் தங்குவதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ‘எல்லோரும் அடிக்கிறார்கள், நாமும் அடிப்போம்’ என்று கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கச் சொல்லிக் காட்டிக்கொடுப்பவரும் பிரச்சினையில் மாட்டுவார். அங்கே பொலித்தீன் குவிந்தால் நாளைக்கு வாசல் மூடப்படும். நஷ்டம் முதலில் அந்தப் பாதைக் கடைக்காரர்களுக்கே.

பயத்தை விற்பது

இந்தப் பயத்தைக் கொண்டு விற்பனையைக் கூட்டலாம் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. “இரண்டு அறைகள்தான் மீதி”, “இன்னும் மூன்று மணித்தியாலமே”, “இப்போது 14 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று தொலைபேசித் திரையில் வருகிறது. பெருநாள் காலத்தில் உடுப்புக் கடைகளின் முகநூல் பக்கங்களிலும் இதே பாஷைதான்.

உண்மையாகவே இரண்டு அறைகள் மீதியிருந்தால் அதைச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவி. பொய்யாகச் சொல்வதுதான் பிரச்சினை. பிரித்தானியாவில் போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை இதை விசாரித்தது. எக்ஸ்பீடியா, புக்கிங் டொட் கொம், அகோடா உள்ளிட்ட ஆறு இணையத் தளங்கள் இவ்வாறான நெருக்குதல் விற்பனையை நிறுத்துவதாக 2019 பெப்ரவரியில் உறுதியளித்தன. அந்த விசாரணையில் வெளிவந்த தந்திரங்கள் சுவாரசியமானவை. ‘இத்தனை பேர் பார்க்கிறார்கள்’ என்று காட்டப்பட்டவர்களில் சிலர் வேறு திகதிகளுக்குத் தேடியவர்கள். ஏற்கெனவே நிரம்பிவிட்ட ஹோட்டல்களை வேண்டுமென்றே பட்டியலுக்கு நடுவே போட்டு, பார்ப்பவருக்குப் பதற்றம் வரச் செய்ததும் நடந்திருக்கிறது.

நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, வாங்கும் எண்ணமே இல்லாதவர் விலையை ஏற்றிவிடுவதற்காக இடையில் நின்று விலை கேட்பதை ‘நஜ்ஷ்’ என்று மார்க்கம் தடுத்திருப்பது நமது வியாபாரிகள் அறியாததல்ல. அன்று ஏலத்தில் ஓர் ஆளை நிறுத்திவைத்தார்கள். இன்று ‘14 பேர் பார்க்கிறார்கள்’ என்று திரையில் ஓர் எண்ணை நிறுத்திவைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

வியாபார ரீதியிலும் இது சரிவராது என்பது நமது அபிப்பிராயம். அவசரத்தில் வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் யோசிப்பார். யோசித்தால் திருப்பித் தர வருவார், அல்லது திரும்பி வரவேமாட்டார். மூன்று தவணைகளில் பணம் செலுத்தும் முறை இப்போது நமது நாட்டிலும் பரவலாக இருப்பதால் கையில் காசில்லாத பிள்ளையும் அந்த நிமிடமே வாங்கிவிடலாம். கடைக்காரருக்கு விற்பனை கூடும், ஆனால் அந்தச் சேவைக்கான தரகும் அவர் கையிலிருந்துதான் போகும். விற்பனைத் தொகையை மட்டும் பார்க்காமல் தரகைக் கழித்து, திரும்பி வந்த சரக்கையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பயத்தை மட்டும் விற்றுச் சரக்கே இல்லாமல் போன கதையும் உண்டு. 2017 ஏப்ரலில் பஹாமாஸ் தீவொன்றில் ஆடம்பர இசை விழா நடத்துவதாகப் பிரபல அழகிகளைக் கொண்டு இன்ஸ்டகிராமில் விளம்பரம் செய்து டிக்கட் விற்றார்கள். ‘ஃபயர் விழா’ என்று பெயர். போனவர்களுக்கு மாளிகை இல்லை, அனர்த்த காலத்தில் கொடுக்கும் கூடாரம்தான் கிடைத்தது. ஏற்பாட்டாளர் பில்லி மெக்ஃபார்லண்டுக்கு 2018இல் ஆறு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

காசு லாச்சியில் கை வைக்கும் பயம்

மேலே சொன்னதெல்லாம் பயணமும் உடுப்பும். கூடினால் சில ஆயிரம் ரூபா போகும். அதே பயம் காசு சம்பாதிக்கும் விடயத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை நமது நாடு அண்மையில் பார்த்துவிட்டது.

‘ஸ்போர்ட் செயின்’, ‘ஒன்மக்ஸ் டீ.டீ.’, ‘எம்.டீ.எஃப்.ஈ.’ ஆகிய பெயர்கள் வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். இலங்கை மத்திய வங்கி 2023ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட பிரமிட் வகைத் திட்டங்களை நடத்தியவை என்று தீர்மானித்துப் பெயர் வெளியிட்டவற்றில் இவையும் அடங்கும். எம்.டீ.எஃப்.ஈ. என்பது தொலைபேசிச் செயலி. செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக நாணய வியாபாரம் செய்யும், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்றார்கள். ஆள் சேர்த்தால் தரகு. 2023 ஓகஸ்டில் பணம் எடுக்க முடியாமல் போனது. பங்களாதேஷிலும் பெருந்தொகையானோர் மாட்டினார்கள். இருந்த மீதி மறைந்தது மட்டுமல்ல, கணக்கில் கழித்தல் குறியோடு கடன் காட்டி, ‘நீங்கள்தான் எங்களுக்குத் தரவேண்டும்’ என்றும் கேட்டார்கள்!

இவை எப்படிப் பரவின? பத்திரிகை விளம்பரத்தால் அல்ல. வட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் கணக்கின் திரைப்படத்தைப் போடுவார். இன்றைக்கு இத்தனை டொலர். அடுத்த நாள் இன்னொருவர். மூன்றாம் நாள் மச்சானின் படம். பிறகு ஒருவர் புது மோட்டார் சைக்கிளோடு நிற்பார். இங்கேயும் பனி விலகிய படங்கள் மட்டுமே. பணம் எடுக்க முடியாமல் தவித்தவர் படம் போடமாட்டார், வெட்கம். போட்டாலும் குழுவை நடத்துபவர் அழித்துவிடுவார். ரிவர்ஸ்டனுக்குப் போகாத பிள்ளையின் மனதில் வந்த அதே எண்ணம், ‘எல்லாருக்கும் கிடைக்கிறது, எனக்கு மட்டும் தவறுகிறது’ என்ற எண்ணம், இங்கே ஐந்து இலட்சம் ரூபாவோடு வருகிறது.

அந்த ஐந்து இலட்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நமது கவலை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் சொந்தக் காசு கிடையாது. கடையில் வாப்பாவுக்கு உதவியாக நிற்கும் மகன் சரக்குக்குக் கொடுக்கவேண்டிய காசைப் பத்து நாள் தள்ளிப்போட்டு எடுக்கலாம். உம்மாவின் சீட்டுக் காசு, தாத்தாவின் நகை. ‘லாபம் வந்ததும் திருப்பி வைத்துவிடுவேன்’ என்ற எண்ணத்தில்தான் எடுப்பான், திருடும் எண்ணத்தில் அல்ல. மொத்த வியாபாரியிடம் கொடுத்த காசோலை திரும்பும்போதுதான் வாப்பாவுக்கு விடயம் தெரியவரும்.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. இத்தகைய திட்டங்களில் ஐம்பது வயது முதலாளிமாரும் சேர்வதுண்டு. “நம்ம ஆள்தான் சொன்னார்” என்பார்கள். நம்பிக்கை நமது சமூக வியாபாரத்தின் பலம். ஒரு வார்த்தையில் இலட்சக்கணக்கான ரூபாவுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கையின் மேல்தான் இத்திட்டங்களும் ஏறிவருகின்றன.

சட்டத்தில் ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டத்தை ஆரம்பித்தவரை மட்டும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றமே. ஆகவே தரகுக்காக மச்சானையும் அடுத்த கடைக்காரரையும் சேர்த்துவிட்டவர், தானும் ஏமாந்தவர்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாமல் போகலாம். காசும் போய், உறவும் போய், வழக்கும் வந்து சேரும்.

யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால் வியாபாரியிடம் ஏற்கெனவே இருக்கும் கேள்விகளே போதும். என்ன சரக்கு? யார் வாங்குகிறார்கள்? லாபம் சரக்கிலிருந்து வருகிறதா, புதிதாகச் சேருபவரின் காசிலிருந்து வருகிறதா? நட்டம் வந்தால் யாருக்கு? “இன்றைக்கே சேராவிட்டால் வாய்ப்புப் போய்விடும்” என்று சொன்னால், ஒரு கிழமை கழித்து வரச் சொல்லுங்கள். நல்ல காணியும் நல்ல கடையும் சில சமயம் அந்த ஒரு கிழமையில் கைமாறிப் போகும், உண்மைதான். ஆனால் ஒரு கிழமை பொறுக்க முடியாத முதலீட்டுத் திட்டத்தில் நாம் இழப்பது எதுவுமில்லை. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்று அர்த்தமாகாது. புதுப் பெயரில் வருவது புதிதல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்? தொலைபேசியைப் பறித்து வைப்பது நடைமுறைக்குச் சரிவராது, வியாபாரமே இன்று அதில்தான் நடக்கிறது. 2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னப்செட் ஒவ்வொன்றையும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மாத்திரமே பார்த்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களது தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. வழக்கம்போல் பார்த்தவர்களிடமும் தவறிவிடுமோ என்ற பயம் சற்றுக் குறைந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று கவனிக்கத் தொடங்கியதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். விற்றதை எழுதி வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து செலவு குறைவதை நமது கடைக்காரர்கள் கண்டிருப்பார்கள். அதே மாதிரித்தான்.

கடையில் நிற்கும் மகனுக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவது இன்னொரு வழி. பல வீடுகளில் மகனுக்கு லாச்சியில் விழும் காசு மட்டும்தான் தெரியும். மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டியது, வாடகை, மின்சாரக் கட்டணம், ஊரில் நிற்கும் கடன் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் முழுவதும் உழைத்து நூற்றுக்குப் பத்து நிற்பதே பெரிய காரியம் என்று அவன் தன் கையால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நாளுக்கு நூற்றுக்கு இரண்டு தருவோம் என்ற திரைப்படத்தைப் பார்க்கும்போது அவனுக்கே சந்தேகம் வரும். கடையின் முகநூல் பக்கத்தையும் அவனிடமே கொடுக்கலாம். எந்தப் படத்தைப் போடுகிறோம், எதைப் போடாமல் விடுகிறோம் என்பது தானே செய்து பார்த்தவனுக்கு நன்றாக விளங்கும்.

ரிவர்ஸ்டனுக்குப் போகட்டும். மழை குறைந்த மாதத்தில், வார நாளொன்றில், பகல் வெளிச்சத்தில் போய்த் திரும்பும்படி, சாரதி யார் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடிந்தால் கடையை ஒரு நாள் மூடிவிட்டுக் குடும்பத்தோடு நீங்களும் போகலாம். செவ்வாய்க்கிழமை போனால் ரத்தோட்டைப் பாதையில் தேநீர்க் கடைக்காரரும் சந்தோஷப்படுவார்.